மைதானத்தில் மாற்றுத்திறனாளி ரசிகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்க்க ஆசைப்படும் மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள், மைதானம் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள், இரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதி இந்தியாவுக்கானது. உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து. நடுநடுவே இங்கிலாந்துக் கால்பந்து வரும். மாற்றுத்திறனாளி ரசிகர்கள் தாங்களே சங்கம் அமைத்து, வருஷக்கணக்காகக் கேட்டு, எத்தனை இடம், எந்த உயரம், எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் வாங்கிய இடம் அது என்பதால்.

வீட்டில் டிவியில் இதைவிட நன்றாகத் தெரியுமே, ஏன் சிரமப்பட்டு வர வேண்டும்?

மற்ற ரசிகர்கள் எதற்கு வருகிறார்களோ அதற்குத்தான். விக்கெட் விழுந்ததும் கேலரி முழுக்க ஒரே சமயத்தில் எழும் சத்தம், பக்கத்து சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாதவர் கை கொடுப்பது, ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு பேசிக்கொண்டே வெளியே வருவது. டிவியில் இதெல்லாம் கிடையாது. முப்பதாயிரம் பேரிடம் யாரும் கேட்காத கேள்வியைச் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, விளையாட்டு அரங்குகளுக்குள் செல்வதை உரிமையாகவே சொல்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அப்படி வருபவர்கள் ரொம்பக் குறைவுதானே? காலியாகக் கிடக்கப்போகிற இடத்துக்கு எதற்குச் செலவு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். இவர்களில் கிரிக்கெட் பைத்தியம், கபடிப் பைத்தியம் இல்லாமலா இருப்பார்கள்? ரியோ பாராலிம்பிக்கில் 2016இல் மாரியப்பன் தங்கவேலு தங்கம் வாங்கியதை ஊரே கொண்டாடியது. பாரிஸில் 2024இல் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ பதக்கம் வாங்கியதையும் கொண்டாடினோம். அவர்களைப் போன்றவர்களுக்குப் பார்வையாளர் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

வருகிறவர்கள் குறைவு என்பது உண்மை. ஏன் குறைவு என்று பாருங்கள். டிக்கெட் எடுக்கும் செயலியில் அப்படி ஒரு பிரிவே இல்லை, வாசலுக்கு வண்டி வர விடுவதில்லை, உள்ளே நாற்பது படி, கழிப்பறைக்குப் பூட்டு. இதில் ஒன்று இருந்தாலே ஒருவர் வீட்டில் தங்கிவிடுவார். இவை எல்லாம் சரியாகிவிட்ட மைதானத்தில் ஆள் வரவில்லை என்று யாராவது சொன்னால் அப்போது பேசலாம். அப்புறம் முழங்கால் வலியோடு வரும் தாத்தா, கையில் மாவுக்கட்டோடு வரும் பையன், கர்ப்பிணி என எல்லாருமே அதே கைப்பிடியையும் அதே லிஃப்ட்டையும்தான் தேடுவார்கள்.

இது மைதானக்காரர்களின் நல்ல மனசைப் பொறுத்த விஷயமா, சட்டமே இருக்கிறதா?

சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொதுக் கட்டடம் என்று அது சொல்வதில் அரசுக் கட்டடம், தனியார் கட்டடம் இரண்டும் அடங்கும். பொழுதுபோக்குக்காக மக்கள் வந்துபோகும் இடங்களும் அதில் வரும். ஆகவே 'எங்களுடையது தனியார் சங்கத்தின் மைதானம்' என்ற பதில் செல்லாது.

இந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு விளையாட்டு பற்றியது. விளையாட்டுக் கட்டமைப்புகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி திருத்தியமைக்க வேண்டும் என்று அது அரசுக்குச் சொல்கிறது. 44ஆவது பிரிவின்படி, விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது, கட்டி முடித்த சான்றிதழும் தரக் கூடாது. 45ஆவது பிரிவு பழைய கட்டடங்களுக்கு, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம் தந்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். அந்த அவகாசம் 2022லேயே முடிந்துவிட்டது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

இதற்கு மேல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005இல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று நீதிமன்றம் ஒரு முக்கியமான ஓட்டையை அடைத்தது. அதுவரை, மாற்றுத்திறனாளிகள் வந்துபோவதற்கான கட்டட அளவுகளை இந்தச் சட்டத்தின் விதி எண் 15 வெறும் பரிந்துரைபோல வைத்திருந்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி பரிந்துரை என்று தளர்த்த முடியாது என்று கூறி அந்த விதியின் முதல் பகுதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச அளவுகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கும் உத்தரவிட்டது. மைதான நிர்வாகத்துக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

ஒரு மைதானத்தில் சக்கர நாற்காலிக்கு எத்தனை இடம் வேண்டும்?

இங்கிலாந்தில் 2003இல் வெளியான வழிகாட்டியில் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாயிரம் இருக்கைக்குக் கீழ் என்றால் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது ஆறு. 20,000 முதல் 40,000 வரை என்றால் 150 இடம், அதோடு இருபதாயிரத்துக்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் மூன்று. அதற்கும் பெரிய மைதானத்துக்கு 210, அதோடு நாற்பதாயிரத்துக்கு மேல் ஆயிரத்துக்கு இரண்டு. சேப்பாக்கம் அளவில், அதாவது சுமார் 38,000 பேர் அமரும் மைதானத்தில் இது 204 இடம். அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு வேறு மாதிரி: ஐயாயிரம் இருக்கைக்கு 36, அதற்கு மேல் ஒவ்வோர் இருநூறுக்கும் ஒன்று. அதே 38,000க்கு அது 201 வருகிறது. இரண்டு நாட்டுக்காரர்கள் இரண்டு வழியில் போட்டும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். நம் ஊரில் 'பத்து சீட் ஒதுக்கியிருக்கோம் சார்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக்காரக் கிளப்களும் இதை உடனே செய்துவிடவில்லை. 75,000 பேர் அமரும் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 2014 வாக்கில் ஏறத்தாழ 120 இடமே இருந்தது. கணக்குப்படி 280 இருந்திருக்க வேண்டும். ரசிகர் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஊடகமும் விடாமல் கேட்ட பிறகு, 2017 ஆகஸ்டுக்குள் எல்லா மைதானத்தையும் சரிசெய்வதாக இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் 2015 செப்டம்பரில் உறுதி கொடுத்தது. எல்லாக் கிளப்பும் அந்தத் தேதிக்குள் முடிக்கவில்லை. ஆனாலும் மான்செஸ்டர் யுனைடெட் உட்படப் பலரும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு இடம் செய்தார்கள். விற்றுத் தீரும் இருக்கைகள் அவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முன்வரிசைக்கு முன்னால் தரையில் இடம் விட்டால் போதாதா? சாய்தளம்கூடத் தேவைப்படாதே.

அதிகமாக நடக்கும் தவறு இதுதான். வரைபடத்தில் பார்த்தால் சரியாகத் தெரியும். போய் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அவருக்கு முன்னால் விளம்பரப் பலகை, அதன் பின்னால் காவலர், ஒளிப்பதிவாளர், தண்ணீர் விற்பவர். எல்லைக்கோட்டுக்கு வரும் பந்து பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். மறுபக்கம் நடப்பது தட்டையாகத் தெரியும், ஃபீல்டர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்றே கணிக்க முடியாது.

கேலரியின் நடுவில் இடம் கொடுத்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. முன்வரிசைக்காரர் உட்கார்ந்திருக்கும்வரை சரி. சிக்ஸர் அடித்ததும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நிற்கிற ஆளின் தலை 1.7 மீட்டரில். ஆட்டத்தின் உச்சக் கணம் எதுவோ அந்தக் கணத்தில் மட்டும் இவருக்கு முதுகுகள்தான் தெரியும். நாலு மணி நேரம் காத்திருந்து கடைசி ஓவரில் முதுகு பார்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகவே மேடையின் உயரத்தைக் கணக்கிடும்போது முன்வரிசை எழுந்து நிற்பதாகவே வைத்துக் கணக்கிட வேண்டும். புதிய மைதானங்களில் சக்கர நாற்காலி வரிசையை அதன் முன்வரிசையைவிட ஒரே தாவலில் உயர்த்திக் கட்டுவது இதற்காகத்தான். பழைய மைதானத்தில், முன்னால் இருக்கும் ஒன்றிரண்டு வரிசை டிக்கெட்டை விற்காமல் விடலாம். மேடையின் தடுப்புக் கம்பி கண் உயரத்தில் குறுக்கே ஓடக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

முன்வரிசைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பந்து பறந்து வந்தால் மற்றவர்கள் குனிவார்கள், நகர்வார்கள். இவரால் முடியாது. வலை வேண்டும், அல்லது இடம் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். வெயிலையும் மறக்காதீர்கள். முன்வரிசைக்குக் கூரை நிழல் எட்டாது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது, உடம்புச் சூடு இறங்காது. சென்னையின் ஏப்ரல், மே மாத மாலை ஆட்டத்தில் அவர்களுக்கு நிழலும் விசிறியும் சாய்தளம் அளவுக்கே முக்கியம்.

அப்புறம், எல்லா இடத்தையும் ஒரே மூலையில் குவிக்காதீர்கள். விலை குறைந்த ஸ்டாண்டிலும் வேண்டும், விலை கூடிய ஸ்டாண்டிலும் வேண்டும். எங்கே உட்காருவது, எவ்வளவு செலவழிப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் டிக்கெட் வாங்கும் எல்லாருக்கும் உள்ளதுதானே.

சாய்தளம் எவ்வளவு நீளம்?

உயரத்தைப் போல குறைந்தது பன்னிரண்டு மடங்கு. மூன்று படி, 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம். மூன்று படிக்கு ஒன்றரை மீட்டரில் சிமெண்ட் பூசி வைத்திருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் நாற்காலியைத் தள்ளுவது இருவருக்கும் ஆபத்து. இரு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை கட்டாயம்.

துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் வாங்க வேண்டுமா?

இங்கிலாந்தில் பரவலாக உள்ள வழக்கம்: மாற்றுத்திறனாளி ரசிகர் வழக்கமான கட்டணம் கட்டுவார், உதவியாளர் இல்லாமல் அவரால் வர முடியாது என்றால் உதவியாளருக்கு இலவசம். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. ரசிகர் சலுகை கேட்கவில்லை, தன் டிக்கெட்டுக்குப் பணம் தருகிறார். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு மடங்கு கட்ட வேண்டாம் என்பது மட்டுமே கோரிக்கை. துணையாளரின் இருக்கை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்வரிசையில் கொடுத்தால் அவர் வந்தும் பயனில்லை.

டிக்கெட் விற்கும் இடத்திலேயே இந்த இடங்களைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். 'இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று போட்டுவிட்டு அந்த எண் எடுக்கப்படாமலே போவது பலருக்கு நடக்கிறது. காது கேளாதவர் எப்படி அழைப்பார் என்பதும் ஒரு கேள்வி. சில நிமிடத்தில் தீர்ந்துபோகும் ஐபிஎல் டிக்கெட்டில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரை வாசிப்பானை வைத்துப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்குச் செயலி பேசவில்லை என்றால் அவர் வரிசையில் நிற்கவே இல்லை என்று அர்த்தம்.

வாசலில் சோதனையின்போது ஊன்றுகோல், வெள்ளைக்கோல், மருந்து எல்லாம் பிடுங்கி வைக்கிறார்களே?

வைக்கக் கூடாது. 'குச்சி அனுமதி இல்லை' என்று ஒரு மைதானத்தில் பார்வையற்ற நண்பரின் வெள்ளைக்கோலை வாங்கி ஓரமாக வைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். காவலரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குக் கொடுத்த பட்டியலில் கொடி, குச்சி, பாட்டில், பேட்டரி என்று இருந்தது, விதிவிலக்கு எழுதப்படவில்லை. உதவிக் கருவிகள், இன்சுலின், சிறுநீர்ப் பை, உறிஞ்சுகுழல் உள்ள தண்ணீர்ப் பாட்டில், மின்சாரச் சக்கர நாற்காலியின் பேட்டரி, காதுக்கருவி ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு என்று அந்தப் பட்டியலிலேயே அச்சடிக்க வேண்டும். அதை இணையத்திலும் போட்டால் ரசிகர் கைபேசியில் காட்டலாம். ஒருவரின் நாற்காலியைத் தொடும் முன் அவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் காவலர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பார்வையற்றவர்கள் மைதானத்துக்கு வந்து என்ன செய்வார்கள்?

ஆட்டத்தை அனுபவிப்பார்கள். மட்டையில் பந்து படும் ஒலி, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடி, அதெல்லாம் அவர்களுக்கும் உண்டு. டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்த தலைமுறை நம்முடையது, நேர்முக வர்ணனையின் அருமை நமக்குத் தெரியும்.

இதற்கென்றே விவரிப்பு வர்ணனை என்று ஒன்று இருக்கிறது. டிவி வர்ணனையாளர் படத்தை நம்பிப் பாதியைச் சொல்லாமல் விடுவார். இவர் பந்து எங்கே, யார் ஓடுகிறார், நடுவர் கை எந்தப் பக்கம், ஆட்டக்காரர் முகம் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்வார். 2014 உலகக்கோப்பைக் கால்பந்தில் பிரேசில் மைதானங்கள் சிலவற்றில் இந்தச் சேவை இருந்தது. ஒரு நுணுக்கம்: இணையத்தில் ஒலிபரப்பினால் பல நொடி தாமதமாக வரும். சுற்றிலும் எல்லாரும் கத்தி முடித்த பிறகு காதில் 'பந்துவீச ஓடி வருகிறார்' என்று கேட்டால் என்ன பயன்? மைதானத்துக்குள் மட்டும் எட்டும் சிறிய எஃப்எம் அல்லது உள்வலை வேண்டும். தமிழில் வர்ணிக்கத் திறமையான ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஊர்த் திருவிழாக் கபடியில் மைக் பிடிப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

காது கேளாதவர்களுக்கு?

ஒலிபெருக்கியில் சொல்வது அத்தனையும் பெரிய திரையில் எழுத்தாக வர வேண்டும். அவசர அறிவிப்பு முதலில். உதவி மையத்தில் இந்திய சைகை மொழி தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் மைதானத்தில் 2024 ஏப்ரலில், கூட்டத்தின் ஆரவாரத்தை அதிர்வாக மாற்றி உடம்பில் உணரவைக்கும் சட்டையைக் காது கேளாத ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். ஆரவாரமும் ஆட்டத்தின் பாதி என்று புரிந்துகொண்டு செய்த காரியம் அது.

ஆட்டிசம் உள்ள குழந்தையை அழைத்து வரலாமா? சத்தம் தாங்க மாட்டானே.

கண்ணாடிச் சுவர் வழியாக மைதானம் தெரியும், சத்தம் குறைந்த ஓர் அறை இருந்தால் தாராளமாக வரலாம். இங்கிலாந்தில் சண்டர்லாந்து மைதானம் இதில் முன்னோடி. ஆட்டிசம் உள்ள தங்கள் பையன்களுக்காக ஒரு குடும்பம் கேட்டதிலிருந்து தொடங்கியது. 2022 கத்தார் உலகக்கோப்பையிலும் இப்படி அறைகள் இருந்தன. அறை கட்ட வசதி இல்லையென்றால், காதுக்கவசம் இரவல் கொடுப்பதும், வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வர அனுமதிப்பதும் பெரிய உதவி. 'வெளியே போனால் மறுபடி நுழைய முடியாது' என்ற விதியால் ஆட்டத்தின் நடுவிலேயே வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு.

கழிப்பறை?

சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம், வெளிப்பக்கம் திறக்கும் அல்லது நகரும் கதவு, கைப்பிடிகள், இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது. பல இடத்தில் இவை எல்லாம் இருக்கும், கதவில் பூட்டும் தொங்கும், உள்ளே துடைப்பமும் பக்கெட்டும் அடுக்கியிருப்பார்கள். ஆட்ட நாளில் காலையிலேயே ஒருவர் போய்த் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கழிப்பறை கிடைக்காது என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஆட்டம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் இன்னும் அதிகம்.

வண்டியை எங்கே நிறுத்துவது?

தமிழ்நாட்டில் பலர் வருவது இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில். ஆட்ட நாளில் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே சாலையைத் தடுத்துவிடுவார்கள். தடுப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கு, மாற்றுத்திறனாளி டிக்கெட் காட்டுபவரை வாசல் வரை விட வேண்டும் என்ற உத்தரவு எழுத்தில் போக வேண்டும். மைதான நிர்வாகமும் காவல்துறையும் முன்கூட்டியே பேசாவிட்டால் இது நடக்காது. சென்னையில் மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. நிலையத்திலிருந்து மைதானம் வரையிலான நடைபாதையில்தான் அந்த வசதி அறுந்துபோகிறது.

கூட்ட நெரிசலோ தீயோ என்றால் இவர்களை எப்படி வெளியேற்றுவது?

இந்தப் பயத்தைச் சொல்லி உள்ளேயே விடாமல் இருப்பதை ஏற்க முடியாது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். வாசலும் கூட்டமும் ஒழுங்காக இல்லாத இடம் எல்லாருக்கும் ஆபத்து என்பதை அது காட்டியது. தனி நுழைவாயில், மேல்தளத்தில் தீத்தடுப்புச் சுவர் கொண்ட காத்திருப்பு இடம், படியில் இறக்கும் நாற்காலி, ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் குறித்த பணியாளர், ஒத்திகை ஆகியவை வேண்டும். ஒத்திகையில் மாற்றுத்திறனாளிகளே கலந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் யார் பொறுப்பில் விடுவது?

ஒருவர் பெயரில். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ, 2015-16 பருவத்திலிருந்து தன் உரிமம் பெறும் கிளப்கள் மாற்றுத்திறனாளி ரசிகர்களுக்கென ஓர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்றது. நம் மாநிலக் கிரிக்கெட் சங்கங்களும் ஐபிஎல் அணிகளும் நாளைக்கே இதைச் செய்யலாம். அந்த வேலைக்கு ஒரு மாற்றுத்திறனாளி வந்தால் மிகவும் நல்லது.

நாங்கள் கிராமத்தில் கபடிப் போட்டி நடத்துகிறோம். இரும்புக் குழாய் கேலரிதான். எங்களால் என்ன முடியும்?

நிறைய முடியும். கேலரி கட்டும் அதே ஆட்களிடம் சொல்லி, பக்கவாட்டில் ஓர் உயர்ந்த பலகை மேடையும் அதற்கு நீளமான சாய்தளமும் போடச் சொல்லுங்கள். முன்னால் யாரும் நிற்காதபடி கயிறு கட்டுங்கள். பக்கத்துப் பள்ளியில் ஏற்ற கழிப்பறை இருந்தால் சாவியை வாங்கி வையுங்கள். நோட்டீஸில் 'மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி மேடை உண்டு' என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் ஆட்கள் கிளம்புவார்கள்.

இடம் தரவில்லை, அவமானப்படுத்தினார்கள். யாரிடம் போவது?

முதலில் மைதான நிர்வாகத்துக்கு எழுத்தில். தேதி, டிக்கெட், வாசல் எண், படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. சட்டப்படி அவர் புகாரின் பேரிலும், தானாகவும் விசாரிக்கலாம். மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். தனியாகப் போடும் புகாரைவிடப் பத்துப் பேர் சேர்ந்து போடும் புகார் சீக்கிரம் நகரும். இங்கிலாந்தில் கிளப்புக்குக் கிளப் மாற்றுத்திறனாளி ரசிகர் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் அமைப்பு 1998இலேயே தொடங்கிவிட்டது. நம் அணிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

முதல் தடவை போகப்போகிறேன். என்ன செய்துகொண்டு போவது?

யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அதன் நகலும். மருந்துக்கு மருத்துவர் சீட்டு. முடிந்தால் முந்தின நாளே துணைக்கு வருபவரை அனுப்பி வாசல், படி, கழிப்பறை மூன்றையும் பார்த்துவரச் சொல்லுங்கள். வாசல் திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைய அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள், அதுவரை அந்தப் பகுதியின் விளக்கை அணைக்க வேண்டாம் என்று பணியாளரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.